வெந்நீரில் குளித்த குட்டி

பவானிபூர், தை மாதம், வெள்ளி இரவு.

காலையில் ஆடு இரண்டு குட்டி போட்டது. ஒன்றைத் தாய் நக்கிக்கொண்டிருந்தது. மற்றது பிசுபிசுவென்று கிடந்தது. தீட்டாயிற்றே என்று சோப்புப் போட்டு வெந்நீரில் குளிப்பாட்டினேன். துடைத்துத் தாயிடம் விட்டேன். அது மோந்து பார்த்து முட்டித் தள்ளியது.

"வாசனையை அலம்பிட்டு விட்டா சேத்துக்குமா? இனிமே நீங்கதான் அதுக்கு அம்மா!" என்றாள் என் மனைவி.

புட்டியில் பழகினால் தாயிடம் போகாது, பழக்காவிட்டால் பிழைக்காது. பகலெல்லாம் யோசித்தேன். மாலையில் மறுபடி விட்டுப் பார்த்தேன். மறுபடியும் முட்டியது. தாயிடமே கறந்து புட்டியில் கொடுத்தேன். முதலில் மறுத்த குட்டி, என் விரலைச் சப்பிய பிறகு குடித்தது.

வருத்தமா, தெரியவில்லை. மனம் மரத்துக் கிடக்கிறது. குட்டி காலடியில் தூங்குகிறது. விடிந்ததும் என் விரலைத்தான் தேடும். படுக்கும்முன் கை அலம்பவில்லை.