குண்டூசி குத்தும் விதம்

ஹோம்ஸ் கவுண்டி, ஒஹாயோ
செப்டம்பர், வியாழக்கிழமை

அன்புள்ள வெர்னாவுக்கு,

ஆண்டவரின் சமாதானம் உன் வீட்டில் தங்கியிருப்பதாக. இங்கே எல்லோரும் சுகம். என் வீட்டுக்காரர் ரோமனுக்குத்தான் கடைவாய்ப் பல் வலி. பிடுங்கிக்கொள்ளச் சொன்னால், சோளம் அறுத்து முடியட்டும் என்கிறார். பீன்ஸ் எல்லாம் வேகவைத்துப் பாட்டிலில் அடைத்தாகிவிட்டது.

உன் கடிதம் கிடைத்தது. என்ன அழகான கையெழுத்து, பள்ளி ஆசிரியை என்று பார்த்தாலே தெரிகிறது. இறந்துபோன என் தங்கை எட்னாவின் இடத்துக்கு வரப்போகிறவள் என்று தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறாய். தயங்க வேண்டாம். குழந்தைக்கு உடுப்புத் தைக்க அளவு கேட்டாயே, அதிலேயே உன் குணம் தெரிந்துவிட்டது.

எட்னா என்னிடம் விட்டுப்போன மகள் லோரீனின் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். என்னை அம்மா என்கிறாள், திருத்தினால் சிரிக்கிறாள். கல்யாணம் ஆனதும் அவளை உங்களிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது பேச்சு. உன் வருங்கால மாமியார் ஃபேனி போன ஞாயிறு சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் காதிலும் விழ, "சலோமாவுக்குக் குழந்தைய விட மனசில்ல. அதான் மூஞ்சிய இப்படி வெச்சுக்கிட்டிருக்கா" என்றாள். என் மூஞ்சி பிப்ரவரியிலிருந்தே இப்படித்தான் இருக்கிறது.

நீ கட்டிக்கொள்ளப்போகிற மேலனைப் பற்றிக் கேட்டிருந்தாய். நல்ல உழைப்பாளி. மாட்டிறைச்சி போட்ட நூடுல்ஸ் பிடிக்கும். சத்தமாகப் பேசமாட்டார். அவரிடம் வைக்கோல் வாங்கும், நம் சபையைச் சேராத வெளியார் எல்லோரும் அவரைப் புகழ்கிறார்கள். இதெல்லாம் உண்மை.

இந்த வசந்தத்தில் அவர் சபை முன் முழங்காலிட்டதை அங்கே யாரும் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆறு வாரம் தள்ளிவைத்தார்கள், தனி மேசையில் சாப்பிட்டார். பிறகு மன்னிக்கச் சம்மதமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். நானும் சம்மதம் என்றேன். வாய் சொன்னது, உள்ளே எதுவும் அசையவில்லை. எதற்காக முழங்காலிட்டார் என்று நான் எழுதக்கூடாது. "மன்னிச்சாச்சு. இனிமே அத வாயில எடுக்கறவங்கதான் தப்புப் பண்ணவங்க" என்று பிஷப் ஏடின் சொல்லிவிட்டார். உங்கள் ஊரிலும் இதே முறைதான், உனக்கே தெரியும்.

ஆனால் குண்டூசிகளுக்காக யாரும் முழங்காலிடவில்லை. அதைப் பேசாதே என்று என்னிடம் யாரும் சொல்லவும் இல்லை. அதனால் அதை எழுதுகிறேன்.

நீ குழந்தை வளர்த்தவள் இல்லை. பித்தான் வைக்காமல் குண்டூசியால் உடுத்துகிற நாம், மடியில் குழந்தை வந்துவிட்டால் ஊசி குத்தும் விதத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். மேல்துணியானாலும் ஏப்ரனானாலும், முனை மடிப்புக்குள் ஒளிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பால் குடிக்கிற குழந்தையின் கன்னத்தில் கீறும். இந்த விஷயத்தில் எட்னா என்னையும் மிஞ்சியவள். "உம் புருஷன் தேடினாக்கூட ஊசி கெடைக்காதுடி" என்று கேலி செய்வேன்.

பிப்ரவரியில் ஒரு காலை மேலன் எங்கள் மாட்டுக் கொட்டகைக்கு வந்து, எட்னா வைக்கோல் தள்ளும்போது பரணிலிருந்து விழுந்துவிட்டாள் என்றார். பக்கத்துப் பண்ணைதானே, ஷெரிப் வருவதற்குள் நான் போய்விட்டேன். பரணுக்குக் கீழே கிடந்தாள். உடுப்பு, மேல்துணி, ஏப்ரன், தொப்பி எல்லாம் இருந்தன. தலையை மடியில் வைத்து மேல்துணியைச் சரிசெய்தேன். என் கையில் குத்தியது. எல்லா முனைகளும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தோளில் ஒரு ஊசி துணியோடு சதையிலும் ஏறியிருந்தது. அங்கே ரத்தம் இல்லை.

ஷெரிப் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மரியாதையாக நின்றார், விபத்து என்று எழுதிக்கொண்டு போனார். பாவம், அவர் வீட்டில் யாரும் குண்டூசியால் உடுத்துவதில்லை. அப்புறம் எட்னாவின் துணிகளை மடித்து வைத்தபோது அவளுடைய இரவு உடையைத் தேடினேன். இல்லை.

அன்று காலை அவள் தானாக உடுத்தவில்லை, வெர்னா. அந்த வீட்டில் அவளைத் தவிரப் பெரியவர் ஒருவர்தான்.

நான் அழவில்லை. குத்திய கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு ரொட்டி சுட்டேன். இன்றுவரை அழுகை வரவில்லை. உடம்பு முழுக்க மரத்துப்போன மாதிரி இருக்கிறது. குழந்தையைத் தூக்குமுன் மட்டும் என் ஊசிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கிறேன்.

இதை எழுதும்போது ரோமன் பின்னால் வந்து நின்றார். என் தோளுக்கு மேலாகப் படித்தார். பிறகு, "நம்ம ரெண்டு பேரையும் தனி மேசையில உக்கார வெச்சிடுவாங்க" என்றார். கதவுவரை போய்த் திரும்பி, "ஸ்டாம்ப் டிராயர்ல இருக்கு" என்றார்.

உங்கள் கல்யாணத்தை இன்னும் சபையில் அறிவிக்கவில்லை. அறிவித்துவிட்டால் பின்வாங்குவது உனக்குக் கஷ்டம். அதற்குள் குழந்தையைப் பார்க்கிற சாக்கில் ஒருமுறை தனியாக வா. லோரீனுக்கு நீயே உடுத்திவிடு. என் சமையலறையில் உட்கார்ந்து யோசி. கல்யாணம் வேண்டாம் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் எழுதுகிறேன், வேண்டாம்.

என் சொல்லை மீறி அவரையே கட்டிக்கொண்டாலும் உன்மேல் எனக்குக் கோபம் இருக்காது. அப்போது ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள். சாவதற்குக் கொஞ்ச நாள் முன், துணி உலர்த்தும்போது, எட்னா சிரித்துக்கொண்டே, "விடியக்காலையில உன் வீட்டுக்கு வரலாம்னு ரோடு வரைக்கும் வந்துட்டேன்க்கா. தலையில தொப்பி இல்ல. யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்கன்னு திரும்பிட்டேன்" என்றாள். நானும் சிரித்தேன்.

எங்கள் பின்கதவுக்கு இப்போது தாழ்ப்பாள் கிடையாது. ரோமன் கழற்றிவிட்டார். ஆண்டவர் உன்னையும் குழந்தையையும் காப்பாராக. எந்த நேரமானாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வா. தொப்பி தேடாதே. ஊசி குத்த நிற்காதே. இருந்த கோலத்தில் வா.

உன் சகோதரியாக இருக்க விரும்பும்,
சலோமா