பதினோரு நாள் என் கையில் இருந்த உன் ஃபிட்னஸ் பேண்ட்

இன்று காலை ஸ்ரீரங்கம் கிழக்குச் சித்திரை வீதியில் திரும்பும்போது, பல்ஸ் காட்டும் உன் ஃபிட்னஸ் பேண்ட் என் கையில் அணைந்துபோனது. ஒருமுறை அதிர்ந்தது, திரை கறுத்தது, அவ்வளவுதான். வியர்வையும் ரப்பரும் கலந்த அந்தப் புளிச்ச வாடை மட்டும் மணிக்கட்டில் இருந்தது. முதலில் எனக்கு வந்தது நிம்மதி, உன்னிடம் மறைப்பானேன். பத்தடி நடப்பதற்குள் பயம் வந்துவிட்டது. உன் மகள் போனில் பார்த்தால் என்ன நினைப்பாள்?

வீட்டுக்குக்கூடப் போகாமல் பஸ் ஏறினேன். தில்லை நகரில் மொபைல் கடை திறக்கும்வரை படியில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரம்மா பேண்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷம் ஆச்சு சார்?" என்றார்.

"ரெண்டரை."

"இது ரெண்டு வருஷம் உழைச்சாலே பெருசு சார். பேட்டரியை உள்ள வச்சு ஒட்டிட்டாங்க. திறந்தா உடைஞ்சிடும். புதுசு வாங்கிக்கோங்க."

"பெட்டியில எத்தனை வருஷம் ஓடும்னு போட்டிருக்காம்மா?"

"வாரண்டி ஒரு வருஷம்னு போட்டிருக்கும்."

"வாரண்டி வேற, ஆயுசு வேறம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் அது உன் வாய் என்று தெரிந்தது. கைலாசபுரம் பாய்லர் ஆலையில் இருந்த காலமெல்லாம் நீ பாய்லர் குழாய்களைத் தட்டித் தடவி, இத்தனை வருஷம் தாங்கும் என்று கையெழுத்துப் போட்டவன். "எவ்வளவு நாள் உழைக்கும்னு எழுதாம பொருளை கேட்டுக்கு வெளிய விடறவன், எதையோ மறைக்கிறான்டா" என்பாய். ஸ்டோர்ஸில் இருந்த என்னை நீ படுத்திய பாட்டுக்கு அளவே இல்லை. மைதிலி ஹைதராபாத்திலிருந்து இந்த பேண்டை வாங்கி அனுப்பியபோதும் பெட்டியை ஆறு பக்கமும் திருப்பிப் பார்த்து, "ஆயுசு போடலை பாரு, கேடிப் பசங்க" என்று திட்டினாய். மகள் கொடுத்தது என்பதால் கட்டிக்கொண்டாய்.

அவளுக்கு அதில் ஒரு தெம்பு. அம்மாவும் இல்லாத வீட்டில் அப்பா தனியாக இருக்கிறாரே என்று, நீ நடக்கும் அடியையும் உன் பல்ஸையும் தன் போனில் பார்த்துக்கொண்டிருப்பாள். "என் மேல கேமரா வச்சிட்டாடா" என்று சலித்துக்கொள்வாய், முகமெல்லாம் பெருமையாக.

பிறகு அந்த நாள். மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினாய். பேண்டில் பல்ஸ் நூற்று முப்பதுக்கு மேல் காட்டியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழற்றி என் கையில் திணித்தாய்.

"கொஞ்ச நாளைக்கு நீ போட்டுக்கடா. வெறும் காஸ் ட்ரபிள்தான். இது தினம் இப்படிக் காட்டினா மைதிலி வேலையை விட்டுட்டு ஓடி வந்து நிப்பா. புரமோஷன் நேரம் அவளுக்கு."

"டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாமே" என்றேன்.

"பாப்போம் பாப்போம்."

நான் சிரித்தேன். சர்வீஸில் ஒருநாளாவது அடுத்தவனுக்காக வருகைக் கார்டு பஞ்ச் செய்ய விட்டிருக்கிறாயா? செய்தவனை எல்லாம் ஷிப்டே பார்க்க நிற்கவைத்துத் திட்டியவன், இப்போது என்னைக் கார்டு போடச் சொல்கிறாய் என்று கேலி செய்தேன். நீயும் சிரித்தாய். சிரிக்கும்போதே வலிப்பதுபோல் தாடையைத் தடவிக்கொண்டாய். அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு நடக்கப் போனேன்.

பதினோரு நாள். நாலு சித்திரை வீதியையும் உன் பெயரில் சுற்றினேன். என் இதயம் துடித்தது உன் கணக்கில் ஏறியது. "அப்பா இந்த வாரம் சூப்பரா நடக்கறாரு அங்கிள்" என்று அவள் போனில் சொன்னபோது, "ஆமாம்மா" என்றேன்.

கடைசி நாள் காலை எட்டு மணிக்கு அவள் வீடியோ காலில் வருவாள், கையில் பேண்ட் இருக்க வேண்டும், நடந்ததும் கொண்டுவா என்று சொல்லியிருந்தாய். ஆறரைக்கு வந்தேன். எனக்காகக் கதவு சாத்தாமல் கிடந்தது. நீ நாற்காலியில் இருந்தாய். கூப்பிட்டேன். தோளைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது.

அதன் பிறகு நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன் கையைத் தூக்கி, பேண்டைக் கட்டினேன். கொக்கி இரண்டு முறை நழுவியது. கட்டி முடித்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரரைக் கத்திக் கூப்பிட்டேன். ஏன் செய்தேன்? பயம்தான். வேறு பெயரே இல்லை அதற்கு.

ஆறு முப்பத்திரண்டு வரை நல்ல பல்ஸ், பிறகு ஒன்றுமில்லை என்று மைதிலியின் போனில் பதிவாகிவிட்டது. திடீரென்று நின்றுவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். காரியம் முடிந்த அன்று, "அப்பா ஞாபகமா நீங்களே போட்டுக்கோங்க அங்கிள். அது ஸ்ரீரங்கத்துல நடக்கறதைப் பார்த்தா எனக்கு அப்பா நடக்கற மாதிரி இருக்கும்" என்று என் கையிலேயே கட்டிவிட்டாள்.

போன மாதம் பேசும்போது, தன் கையில் ஒன்று, எட்டு வயசுக் குழந்தை கையில் ஒன்று கட்டியிருப்பதாகச் சொன்னாள். "எந்த அறிகுறியும் இல்லாம அப்பாவுக்கு நின்னுடுச்சே அங்கிள். எனக்கும் அப்படித்தானே ஆகும்? தூங்கவே பயமா இருக்கு." அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இந்தப் பொருள் எப்போதடா சாகும், அதோடு என் பொய்யும் போகுமே என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நாள் உழைக்க வேண்டும் என்று உன்னைப்போல் நான் கேட்கவில்லை. எவ்வளவு சீக்கிரம் போகும் என்றுதான் பார்த்தேன்.

கடைப்படியிலேயே அவள் போன் வந்துவிட்டது. "அங்கிள், நல்லா இருக்கீங்களா? காலையிலேர்ந்து உங்க பல்ஸ் காணோம். செத்தேன் நான்." அந்தக் குரலைக் கேட்ட பிறகு என்னால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மாடிப்படி, தாடை, பதினோரு நாள், கொக்கி. ஆட்டோக்களின் இரைச்சலில் பாதி அவளுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்து, மறுபடியும் சொன்னேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். பிறகு, "அப்போ அப்பாவுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு" என்றாள். அழுகிறாளா, மூச்சு விடுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை வரேன். அந்தப் பதினோரு நாளும் அப்பா எப்படி இருந்தாருன்னு ஒவ்வொரு நாளா சொல்லுங்க. நான் டாக்டர்கிட்ட காட்டணும். எனக்கும் தெரியணும். உங்ககிட்ட மட்டும்தானே இருக்கு."

என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. இத்தனை நாள் மறந்து தொலைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டதை, வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் நாள் இட்லியைப் பாதியில் வைத்தாய். நான்காம் நாள் செருப்பு மாட்டக் குனிந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டாய். ஏழாம் நாள் இடது தோளில் தைலம் தேய்க்கச் சொன்னாய். ஒன்பதாம் நாள் நன்றாக இருந்தாய், சத்தம் போட்டுச் சிரித்தாய்.

ஆறாம் நாள் மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லையடா. உன்னை அன்று நான் வந்து பார்த்தேனா என்பதே எனக்குத் தெரியவில்லை.