உப்புப் போடாத பீட்சா

என் ராசா, என் குணம்,

நாளை உன் ஆட்டைத் திவசம். ஒரு வருடம் ஓடிவிட்டது. ஐயர் பத்து மணிக்கு வருகிறார். ராணி மச்சாள் மரக்கறி வெட்ட விடியவே வந்துவிடுவாள். வீடு ஆட்களால் நிறைவதற்கு முன் உன்னோடு கொஞ்சம் பேச வேண்டும். இதுவரை ஒருவருக்கும் சொல்லாத விஷயம். உனக்கே சொல்லவில்லை என்பதுதான் அதில் பெரிய பகிடி.

முதலில் ஊர்ப் புதினம் கேள். நாரந்தனையில் உன் அக்கா இப்போது பெரிய ஆள். போன மாதம் மாதர் சங்கத்தில் என்னைக் கூப்பிட்டு, உடம்புக்குக் கெடுதலில்லாத பீட்சாவை வீட்டிலேயே எப்படிச் செய்வது என்று காட்டச் சொன்னார்கள். ஆட்டா மா மூன்று பங்கு, குரக்கன் மா ஒரு பங்கு. இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஈஸ்ட். சுட்டுத் தோலுரித்த தக்காளி, உள்ளி, மிளகு. சீஸுக்குப் பதிலாக ஆட்டுப்பாலைத் தேசிக்காய் விட்டுத் திரைத்துப் பிழிந்த கட்டி. மேலே முருங்கையிலையும் சின்ன வெண்காயமும். எல்லாரும் கொப்பியில் எழுதினார்கள்.

“அக்கா, உப்பு எவ்வளவு எண்டு சொல்லேல்லை” என்றாள் ஒருத்தி.

“உப்பு இல்லை” என்றேன்.

“உப்பில்லாமல் ஆர் சாப்பிடுவினம்?”

“என்ர தம்பி சாப்பிட்டவன்” என்றேன். கை தட்டினார்கள், குணம். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

நீ வந்து இறங்கிய நாள் ஞாபகம் இருக்கிறதா? சப்பாத்து நாடாவைக் கட்டாமல் வந்தாய். வெளிநாட்டு நாகரிகமாக்கும் என்று நினைத்தேன். கால் வீங்கிக் கட்ட முடியாமல் இருந்தது பிறகுதான் தெரிந்தது. இருபத்திரண்டு வருடம் சுவிஸில் நிலத்துக்குக் கீழே ஒரு குசினியில் நின்று ஊருக்கெல்லாம் பீட்சா போட்டாய். கருகியதையும் உடைந்ததையும் நின்றபடியே விழுங்கினாய். சீனி ஏறியதும் தெரியாது, இருதயம் களைத்ததும் தெரியாது. அம்மா படுக்கையில் கிடந்த எட்டு வருடமும் அவவைத் தூக்கி, துடைத்து, கடைசியில் அனுப்பி வைத்தது நான் ஒருத்திதான். ஒருமுறைகூட நீ எட்டிப் பார்க்கவில்லை. உனக்கு ஏலாமல் போனதும் அக்காவின் ஞாபகம் வந்தது. இதை உன் முகத்துக்கு நேரேயும் சொன்னேன். “ஓம் அக்கா” என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

டொக்டர் பத்தியம் சொன்னார். உப்பில்லை, வெள்ளை மா இல்லை, சீஸ் இல்லை. நீயோ பிள்ளைத்தாய்ச்சி மாதிரி பீட்சாதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாய். ரவுண் கடையில் விற்பதை வாங்கி வரட்டாம், சீஸ் இழுபட வேண்டுமாம். அதனால்தான் நானே வீட்டில் செய்யத் தொடங்கினேன். முதலாவதை நீ கையில் எடுத்து விரலால் தட்டிப் பார்த்தாய்.

“அக்கா, இது பீட்சா இல்லை, கூரை ஓடு. மழைக்கு முதல் மேல ஏத்திவிடு.”

பிறகு குசினி வாசலில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு பிழை பிடிக்கத் தொடங்கினாய். “மாவுக்கு அடிக்கப்படாது, உள்ளங்கையால தள்ள வேணும். ஆரோட கோவத்தை அதில காட்டுறாய்?”

“உன்னோடதான்” என்றேன். நீ சொன்னபடி தள்ளிக் குழைத்தபோது மா இளகியது. தாச்சியில் வெறும் ரொட்டியை அரைவேக்காடு எடுத்துவிட்டுப் பிறகு மேல்சாமான் போட்டால் நடுவில் நனையாது என்பதும் நீ சொன்னதுதான். ஓடு, ரொட்டி ஆனது. ஆனாலும் பாதியை நாய்க்குப் போட்டாய். நான் கண்டும் காணாத மாதிரி இருந்தேன்.

இனித்தான் விஷயம்.

நீ வந்து ஐந்தாம் மாதம் கிளினிக்குப் போனோமே, அன்று உன்னைச் சில்லுக் கதிரையில் வெளியே வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு டொக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நல்ல மனிதர். என் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னார்.

“இனிப் பத்தியம் ஒண்டும் வேண்டாம் அம்மா. அவர் ஆசைப்பட்டதைச் சாப்பிடக் குடுங்கோ.”

இதன் அர்த்தம் நம் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அப்பாவுக்கும் இப்படித்தான் சொன்னார்கள். அன்று அம்மா ஆட்டிறைச்சிப் பொரியலை வைத்த சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துவிட்டு, “அப்ப அவ்வளவுதானோ?” என்று கேட்டு, அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு ஒரு வாயும் சாப்பிடவில்லை. விசிறியோடு பக்கத்தில் நின்றவன் நீ.

வெளியே வந்தேன். “என்னவாம்?” என்றாய்.

“பத்தியத்தை இன்னும் இறுக்கட்டாம்” என்றேன். எங்கிருந்து அந்தப் பொய் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

உன் முகம் மலர்ந்தது. “சாகப்போறவனுக்கு ஆர் பத்தியம் இறுக்குவினம்? அப்ப எனக்குச் சுகம் வருது அக்கா!”

வரும் வழி முழுக்க ஓட்டோக்காரருக்குப் பீட்சா சுடுகிற போறணை கட்டும் கதை சொன்னாய். வளவில் ஒரு போறணை கட்டி, சனி ஞாயிறுகளில் ஊருக்குப் பீட்சா போடப் போகிறாயாம். அடுத்த கிழமை கிணற்றடியில் செங்கல்லும் இறக்குவித்தாய். அந்தக் கல்லில் பாதி இப்போது ஆட்டுக் கொட்டிலுக்கு நிலமாகக் கிடக்கிறது. மழை நாளில் ஆடுகளுக்கு நல்ல வசதி.

அன்றிலிருந்து நாய்க்கு ஒரு துண்டும் விழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு துணிக்கை விடாமல் தின்றாய். பிறகு பெருவிரலால் காலை அமத்திப் பார்ப்பாய்.

“பார் அக்கா, குழி குறைஞ்சிருக்கு.”

குறையவில்லை. விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே நின்றது.

“ஓம், குறைஞ்சுதான் இருக்கு” என்றேன். ஒவ்வொரு நாளும் சொன்னேன்.

கடைசியாக நீ சாப்பிட்டது ஒரு மத்தியானம். கோப்பையை விரலால் வழித்துவிட்டுக் கேட்டாய். “நாளைக்கு மட்டும் ஒரு சிட்டிகை உப்புப் போடுவியே அக்கா?”

“கால் வத்தட்டும், பாப்பம்.”

“சரி சரி. இவ்வளவு நாள் பொறுத்தாச்சு.”

அடுத்த நாள் தேத்தண்ணியோடு வந்து எழுப்பினேன். நீ எழும்பவில்லை.

எட்டாம் நாள் படையலுக்கு, செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் வைக்க வேண்டுமே. ராணி ரவுணில் இருந்து பஸ்ஸில் பீட்சா கொண்டுவந்தாள். சலாமி போட்டது, மட்டைப் பெட்டியோடு. உன் படத்துக்கு முன்னால் அதை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“உயிரோட இருக்கேக்க ஒரு துண்டு குடுத்திருக்கலாம், மச்சாள். நீர் அவனை உப்பில்லாமலே அனுப்பிப்போட்டீர்.”

டொக்டர் சொன்னதை அவள் அறிந்திருந்தால் அந்தப் பெட்டியால் என் தலையில் அடித்திருப்பாள். படைத்ததைத் தெரு முடக்கில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். நீ கேட்டுக் கேட்டுச் செத்த பீட்சாவை, நீ வளர்த்த நாய் தின்றது.

உன் நல்லதுக்குத்தான் மறைத்தேன் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். பாதிதான் உண்மை. நீயும் அப்பாவைப் போல் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டால் உன் முதுகை நான் எத்தனை நாள் பார்த்துக்கொண்டு இருப்பது? அந்தப் பயம் எனக்கானது. இன்னொன்றும் இருக்கிறது. உப்பில்லாத துண்டை நீ விழுங்க முடியாமல் விழுங்கும்போது, எனக்குள் எங்கேயோ ஒரு குளிர்ச்சி இருந்தது. அம்மாவோடு நான் தனியே கிடந்த எட்டு வருடத்துக்கு உன் கோப்பையில் பழி தீர்த்தேனா? தெரியாது, குணம். இல்லை என்று சத்தியம் பண்ண என்னால் முடியவில்லை.

சொல்லியிருந்தால் ஒரு துண்டாவது ருசியாகத் தின்றுவிட்டுச் செத்திருப்பாய். சொல்லாததால் நாற்பது நாள், பிழைக்கப் போகிறேன் என்று நம்பி, பிடிக்காததைத் தின்றாய். இதில் எது பெரிய கொடுமை? நீதான் எப்போதும் பிழை பிடிப்பவன் ஆயிற்றே, இதற்கும் ஒரு பதில் சொல்லேன்.

இன்று காலையில் மாக் குழைத்தேன். வெள்ளை மா. உள்ளங்கையால் தள்ளித்தான் குழைத்தேன், ஒருவரோடும் கோபமில்லை. நீ சொன்ன மாதிரியே ஒரு நாள் முழுக்கக் குளிர்ப்பெட்டியில் கிடக்கட்டும் என்று வைத்திருக்கிறேன். சீஸ் வாங்கியாயிற்று. திவசச் சோற்றுக்குப் பக்கத்தில் பீட்சாவா என்று ஐயர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

இனி உன்னிடம் ஒன்றையும் மறைக்க மாட்டேன். இது சத்தியம். நாளை அதைச் சுடச்சுட உன் படத்துக்கு முன்னால் வைப்பேன். முதல் கடியிலேயே உப்பு உன் நாக்கில் படும். இத்தனை நாள் போடாத அக்கா இன்றைக்கு ஏன் போட்டாள் என்று யோசிப்பாய். அப்போது உனக்கு விளங்கும், நீ செத்துப்போனாய் என்று.

உன்னை ஏமாற்றி அனுப்பிய,
உன் ஒரே அக்கா