ஐந்து மணி நேரப் பயணமாம்!

டைம் கீப்பர் ஐயாவுக்கு,

இன்றைக்கும் சொல்லாமல் கொள்ளாமல் முதல் பஸ்ஸை அனுப்ப டிப்போவுக்குப் போய்விட்டீர்கள். நான் டாக்சி பிடித்து விமான நிலையத்துக்குக் கிளம்புகிறேன்.

இரண்டு நாளைக்குச் சாப்பாடு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. குழாய் ரிப்பேர்காரர் சாயந்திரம் வருவார். அவரிடமாவது வாயைத் திறந்து பேசுங்கள்.

காலை ஒன்பதுக்குக் கிளம்பி மதியம் இரண்டுக்குப் போய்ச் சேரும் என்று என் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "அஞ்சு மணி நேரந்தானே, அதுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றீர்கள். முப்பது வருடமாகப் பஸ் நேரம் எழுதுகிற மனுஷனுக்கு, மகள் இருக்கிற ஊரில் கடிகாரம் ஆறு மணி நேரம் பின்னால் ஓடுவது தெரியவில்லை! ஒன்பதாயிரம் கிலோமீட்டர், முழுசாகப் பதினொரு மணி நேரம். அதைச் சொன்னதற்குத்தான் நேற்றிலிருந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பிரஷர் மாத்திரை மேசைமேல் இருக்கிறது. மறக்காமல் போடுங்கள்.

பி.கு: மகள் போன நாளில் அவள் டிக்கெட்டையும் இப்படித்தான் கணக்குப் போட்டீர்கள். அன்றிலிருந்து, மூன்று வருடமாக, "அஞ்சு மணி நேரந்தாம்மா, நெனச்சா வந்துடுவேன்" என்று அவளிடம் போனில் சொல்கிறீர்கள். கணக்குத் தப்பியது போகட்டும். ஐந்து மணி நேரம்தான் என்று நம்பிக்கொண்டிருந்தபோதே நீங்கள் ஒரு தடவைகூடப் போகவில்லையே!