மரத்தின் மேல் யார்?

12 பிப்ரவரி 2003, புதன்

இன்று மரத்தில் ஏறி மிளகு பறித்துக்கொண்டிருந்தேன். கீழே சாத்தியிருந்த மூங்கில் ஏணியைப் பக்கத்துக் காட்டில் வெள்ளாமை செய்யும் ராசம்மா தூக்கிப் போய்விட்டாள். மேலே ஆள் இருப்பது அவளுக்குத் தெரியவில்லை. கூப்பிட்டிருக்கலாம். தனியாகவே இருந்து பழகியதில் வாய் வரவில்லை. டிவியில் பார்த்த சீனச் சண்டைப் படத்துக் கிழவன் என்றால் பறந்து இறங்கியிருப்பான்.

அந்தப் படங்களில் எனக்குப் பிடித்தது பறப்பதல்ல. வெட்ட வருகிறவன்கூட முதலில், நீ யார், எந்த ஊர், உன் குரு யார் என்று கேட்கிறான்.

ஏணியைத் திருப்பி வைக்க வந்தவள் இலை அசைவதைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"ஏனுங்க, மேல யாருங்க?"

"குண்டனி நாட்டுப் பெரியசாமி மகன் சடையன்!" என்று எங்கள் மலை நாட்டின் பேர், அப்பன் பேர் எல்லாம் சேர்த்து மரம் அதிரக் கத்தினேன்.

"அதுக்கு எதுக்குங்க இந்தக் கத்து கத்தறீங்க? எறங்குங்க" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

நாளை ஏணியை அவள் கண்ணில் படுகிற பக்கமாகவே சாத்த வேண்டும்.