சட்டை கசங்காத பேய்

2008 அக்டோபர், ஞாயிறு.



லண்டனிலிருந்து அண்ணன் அனுப்பிய ஆங்கிலப் பேய்த்தொடரை மதியம் போட்டேன். படு ஏமாற்றம். கேஸ் வெடித்துச் செத்தவன் பேயாக வந்து, வெள்ளைச் சட்டை கசங்காமல் சோபாவில் உட்கார்ந்து டீ குடிக்கிறான். "இதெல்லாம் ஒரு பேயா!" என்று சிரித்தேன்.

கூடப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் சிரிக்கவில்லை.

"இவுக வெடிச்சா செத்தாக, டீச்சர்?"

"ஆமா."

"எங்க வீட்டுக்காரர அரணாக்கொடிய வச்சுத்தான் அடையாளம் சொன்னேன்."

அவள் கணவர் தாயில்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் போனவர். அது எனக்கு எப்படி மறந்தது? பதறிப்போய் ரிமோட்டை எடுத்தேன்.

"அணைக்காதீக, டீச்சர். இவுகளாவது முழுசா வீடு வந்து சேர்ந்திருக்காகளே."