உப்பளத்தில் நீங்கள் தட்டிய கதவுகள்

அக்கா,

இன்று காலை எங்கள் உப்பளம் தெருமுனையில் ஒரு டெம்போ சடாரென்று பிரேக் போட்டது. யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் டயர் கருகிய வாடை மூக்கில் ஏறியதும் பூக்கூடையை இறக்கிவைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் நாலு மாதமாகிறது.

எங்கள் குடிசை வரிசைக்கு நீங்கள் முதலில் வந்தபோது நான் முகம் கொடுத்தே பேசவில்லை. பிள்ளைகளுக்குச் சாலைப் பாதுகாப்பு வகுப்பு, ஞாயிறு காலை ஒரு மணி நேரம், மகளைச் சேர்த்துவிடு என்றீர்கள்.

"ஞாயித்துக்கெழமதான் பூ நல்லா விக்கும், கூட ஆள் வேணும். எம் பொண்ணு ரோட்டோரத்துலயே வளந்தவ. அவளுக்குத் தெரியாததா?"

மூன்று வாரம் இதையே சொன்னேன். நாலாவது வாரம் நீங்கள் வாதாடவில்லை. "ஒரே நிமிசம் வாம்மா" என்று தெருமுனைக்கு அழைத்துப்போய் முட்டி போடச் சொன்னீர்கள்.

"இதான் ஒம் பொண்ணு ஒசரம். இப்ப ரோடு தெரியுதா பாரு."

நின்றிருந்த ஆட்டோவின் முதுகைத் தவிர எதுவும் தெரியவில்லை. மூன்று வருடமாக அவளைத் தனியே கடைக்கு அனுப்பிய முனை அது. அன்றே சேர்த்தேன்.

நீங்கள் போன செய்தி வந்தபோது பெரிய மார்க்கெட்டில் இருந்தேன். இன்னொரு வீட்டாரைக் கூப்பிடப் போன வழியில், ஓரமாக நின்ற உங்கள்மேல் வேன் ஏறிவிட்டதாம். வேறு யாரையோ சொல்கிறார்கள் என்றே நினைத்தேன். எடைபோட்ட பூ தராசிலேயே கிடக்க, "எந்த அக்கா? எந்த அக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேனாம்.

அடுத்த ஞாயிறு, உங்களோடு வரும் டீச்சர் நடத்திய வகுப்புக்கு என் மகள் மட்டும்தான் போனாள். பக்கத்து வீட்டுச் செல்வி கேட்டாள்: "சொல்லிக் குடுத்தவங்களே அடிபட்டுப் போயிட்டாங்க. இனிமே கத்துக்கிட்டு என்னா ஆவப்போவுது?"

என்னுள்ளும் அதே கேள்விதான். இரண்டு நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன்.

"அக்கா மேல தப்பில்ல செல்வி. ஓரமாத்தான் நின்னாங்க. வண்டிக்காரன் அப்பிடி வருவான்னா, நம்ம புள்ளைங்க இன்னும் உஷாரா இருக்கணும் இல்ல? வேகத்தடை போடச் சொல்லி நாம போயி கேக்கணும் இல்ல?"

ஞாயிறன்று செல்வி தன் இரண்டு பிள்ளைகளுக்கும் தலைவாரி அழைத்துவந்தாள். "நானும் ஒக்காந்து கேக்கறேன்" என்றாள்.

இப்போது ஒன்பது பிள்ளைகள் வருகிறார்கள். வேகத்தடைக்கு மனு கொடுத்திருக்கிறோம், இன்னும் போடவில்லை. உங்கள் பொறுமை எனக்கில்லை அக்கா. ஒவ்வொரு கதவைத் தட்டும்போதும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அது சரியாகட்டும் என்று காத்திருப்பதில்லை. அடைத்த குரலிலேயே பேச ஆரம்பித்துவிடுகிறேன்.